இரவு இரண்டு மணி வரை படித்தும் இன்டர்னலில் ஃபெயில்: ஒரு எம்.பி.பி.எஸ். ஆசிரியரின் குறிப்புகள்

முதலாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு முதல் இன்டர்னல் மதிப்பெண் வந்த வாரத்தில் பெற்றோர்கள் துறைக்கு வரத் தொடங்குவார்கள். "பிளஸ் டூவில் ஸ்கூல் ஃபர்ஸ்ட் சார். இங்கேயும் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சுப் படிக்கிறான். அப்படியும் நூத்துக்கு முப்பத்தஞ்சுதான் வந்திருக்கு" என்று அம்மா சொல்லும்போது, பையன் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி நிற்பான். உடலியங்கியல் பாடம் நடத்துகிறவன் நான். எந்த பேட்சிலும் இந்தப் பேச்சு வராமல் இருந்ததில்லை. அந்த அம்மா சொல்வது உண்மை. அவன் இரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கத்தான் செய்கிறான். மதிப்பெண் குறைவதற்குப் பாதிக் காரணமும் அந்த இரண்டு மணிதான்.

ஹாஸ்டல் மாணவர் ஒருவரின் நாளைப் பாருங்கள். எட்டு அல்லது ஒன்பது மணிக்கு வகுப்பு. எட்டாகும்போது எழுந்தால் மெஸ் டிபன் போச்சு. வெறும் வயிற்றோடு லெக்சர் ஹாலில் கடைசி வரிசை. அப்புறம் டிஸெக்‌ஷன் ஹாலில் ஃபார்மலின் வாடையில் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் பிராக்டிகல். நாலரை மணிக்கு அறைக்குத் திரும்பியதும் அப்படியே கட்டிலில் விழுந்தால், எழும்போது ஏழு மணி. குளியல், மெஸ், ஃபோன், பக்கத்து அறையில் கொஞ்ச நேரம் அரட்டை, நாளைக்குக் கையெழுத்து வாங்க வேண்டிய ரெக்கார்ட் நோட்டில் சீனியர் நோட்டைப் பார்த்துப் படம் வரைதல். புத்தகத்தைத் திறக்கும்போது பத்தரை. மூடும்போது இரண்டு.

ஆறு மணி நேரம்கூட இரவில் தூங்கவில்லை. மாலையில்தான் இரண்டரை மணி நேரம் தூங்கிவிட்டானே, கணக்கு சரியாகிவிட்டதே என்று கேட்கலாம். உடம்பு அப்படிக் கூட்டிக் கழிப்பதில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது சேரச் சேரத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். மாலையில் நீண்ட நேரம் தூங்கினால் அந்த அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பதினொரு மணிக்குப் படுத்தாலும் தூக்கம் வராது. வராததால் படிக்கிறான், படிப்பதற்காக டீ குடிக்கிறான். டீயிலும் காபியிலும் உள்ள காஃபின், அடினோசின் உட்காரும் ஏற்பிகளில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரமாகும். பத்து மணிக்குக் குடித்த டீயின் பாதி, மூன்று மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். அடுத்த நாள் வகுப்பில் அவன் கண் சொருகுவதை ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்க்கும் ஆசிரியர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஆறு மணி நேரம் போதும், எனக்குப் பழகிவிட்டது என்று எல்லா மாணவர்களும் சொல்வார்கள். 2003-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதைத்தான் சோதித்தது. அதில் பங்கேற்றவர்களைத் தினமும் ஆறு மணி நேரம் அல்லது அதற்கும் குறைவாகவே தூங்கவிட்டு, பதினான்கு நாட்கள் தொடர்ந்து கவனத்தையும் நினைவையும் அளந்தார்கள். முடிவில் பங்கேற்றவர்களுடைய திறன், ஒரு இரவோ இரண்டு இரவோ முழுக்கக் கண் விழித்தவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. ஆனால் தாங்கள் அவ்வளவு மோசமாகிவிட்டோம் என்பது அவர்களுக்கே பெரிதாகத் தெரியவில்லை. 'பழகிவிட்டது' என்ற உணர்வை நம்ப முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பரீட்சைக்கு முந்தைய இரவின் நைட் அவுட், அதாவது விடிய விடியக் கண் விழித்துப் படிப்பது, இன்னும் ஆபத்து. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருக்குச் சமமாக இறங்குகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இருபத்து நான்கு மணி நேரமானால் அது 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பே 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். வண்டி ஓட்டத் தகுதியில்லாத நிலையில் மூன்று மணி நேரப் பேப்பர் எழுதப் போகிறான் பிள்ளை. தூக்கம் வராமலிருக்க மாத்திரை போடுகிற பழக்கமும் சில ஹாஸ்டல்களில் நுழைந்திருக்கிறது. மருத்துவர் பரிந்துரையில்லாமல் அதைத் தொடவே கூடாது. அது தூக்கத்தைத் தள்ளிப்போடும். தூக்கத்தில் மூளை செய்து முடிக்க வேண்டிய வேலையைச் செய்து தராது. பகலில் படித்தது நீண்ட கால நினைவாகப் பதிவதில் ஆழ்ந்த தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. படித்துவிட்டுத் தூங்காமல் இருப்பதால் இழப்பது, படித்த பாடத்தையேதான்.

சரி, அந்த மூன்றரை மணி நேரத்தில் என்ன படிக்கிறார்கள்?

விவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அது வெளியே வந்துவிடும். இதயச் சுழற்சி கேட்பேன்: இதயம் சுருங்கி, கீழறையான வென்ட்ரிக்கிளிலிருந்து ரத்தத்தை அயோர்ட்டா என்ற பெருந்தமனிக்குத் தள்ளி, மறுபடி விரியும் வரிசை. மாணவரின் புத்தகத்தைப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று கோடு போடாத வரி இருக்காது. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "இடது வென்ட்ரிக்கிள் அழுத்தம் எப்படி ஏறி இறங்குது, வரைங்க தம்பி" என்பேன். ஒரு மலை மாதிரி வளைகோடு வரும். "அயோர்ட்டா அழுத்தத்தை அதுமேலேயே வரைங்க. அயோர்டிக் வால்வு எந்த இடத்துல மூடும்?" பேனா நின்றுவிடும். "படிச்சேன் சார். புக்ல எந்தப் பக்கம், எந்த மூலைன்னுகூட ஞாபகம் இருக்கு. ஆனா வரல." அவன் பொய் சொல்லவில்லை. படத்தைப் பார்த்தால் அவனுக்குத் தெரியும். பார்த்ததும் 'ஆமாம், தெரியும்' என்று தோன்றுவதும், பார்க்காமல் எடுத்துச் சொல்வதும் மூளைக்கு இரண்டு வெவ்வேறு வேலைகள். ஹாஸ்டலில் அவன் முதல் வேலைக்கு மட்டுமே பயிற்சி எடுத்திருக்கிறான். நீட் தேர்வில் நாலு விடைகள் கண்ணெதிரே இருந்ததால் அது ஓரளவுக்குக் கைகொடுத்தது. இங்கே வெள்ளைத்தாளில் எதுவும் இருக்காது.

வென்ட்ரிக்கிள் அழுத்தம் அயோர்ட்டா அழுத்தத்தைவிடக் கீழே இறங்கும் கணத்தில் அந்த வால்வு மூடுகிறது. இரண்டு கோடுகளையும் ஒருமுறை தன் கையால் புத்தகம் பார்க்காமல் வரைந்தவருக்கு, அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியே விடையைச் சொல்லிவிடும். மனப்பாடமே தேவையில்லை.

இதற்கு ஆய்வு ஆதாரமும் வலுவாக இருக்கிறது. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதைத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதமும் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதமும் நினைவில் இருந்தது. இரவு இரண்டு மணிக்கு 'எல்லாம் வந்துடுச்சு' என்று தோன்றுவது அந்த ஐந்து நிமிட வெற்றிதான். பரீட்சை அடுத்த வாரம் வரும். 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்ட ஒரு பெரிய மதிப்பாய்வும், தன்னைத் தானே சோதித்துக்கொள்வதையும் இடைவெளி விட்டுப் படிப்பதையும்தான் முதலிடத்தில் வைத்தது. அடிக்கோடிடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் கடைசி வரிசையில் இருந்தன.

மாணவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். அன்றைய வகுப்பை அன்றைக்கே ஒருமுறை மூடிய புத்தகத்தோடு எழுதிப் பாருங்கள். பத்து நிமிடம் போதும், பாதிதான் வரும், பரவாயில்லை. வராத பாதி எது என்று தெரிந்துகொண்டு அதை மட்டும் புத்தகத்தில் பாருங்கள். இரண்டு நாள் கழித்து ஒருமுறை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை, அந்த மாதக் கடைசியில் ஒருமுறை அதையே எழுதிப் பாருங்கள். கேள்வி-பதில் அட்டைகளைக் காட்டும் அன்கி போன்ற செயலிகள் இந்த இடைவெளியைத் தாமே கணக்குப் போட்டுத் தரும். உயிர்வேதியியல் சுழற்சிகள், நுண்ணுயிரிகள், மருந்துகள் எல்லாவற்றுக்கும் அது நல்ல துணை. ஆனால் யாரோ போட்ட அட்டைகளை இறக்கிவைத்துக்கொள்வதைவிட, தானே நாலு அட்டை தயாரிப்பது மேல். டெலிகிராமில் குவித்து வைத்திருக்கும் பி.டி.எஃப்.களும் இரட்டை வேகத்தில் ஓடும் வீடியோக்களும் படிப்புக் கணக்கில் சேராது. முதலாண்டிலேயே நீட் பி.ஜி. கோச்சிங்கில் பணம் கட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. அடித்தளப் பாடமே உட்காராத நேரத்தில் அது பயத்தை மட்டும்தான் வளர்க்கும்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு, அவர்களை நிறையப் பேராக வகுப்பில் பார்க்கிறேன், பார்ப்பதில் மகிழ்ச்சி. முதல் ஆறு மாதம் அவர்களுக்கு இரட்டைச் சுமை. பாடம் ஒரு பக்கம், ஆங்கிலம் ஒரு பக்கம். ஒரு பக்கத்தை முடிக்க மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு நேரமாவதைத் தங்கள் அறிவுக் குறைவாக அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அது அப்படியில்லை. சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்பதை ரூம்மேட்டிடம் முதலில் தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். கதை தெளிவான பிறகு அதே ஐந்து வாக்கியங்களை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். விவாவில் திணறுவது பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லிப் பழகாததால்தான். இதற்காக ஆசிரியரிடம் போய்க் கேட்க வெட்கப்படவே வேண்டாம். கேட்டு வருகிற பிள்ளையை எந்த நல்ல ஆசிரியரும் திருப்பி அனுப்பமாட்டார்.

அப்படியானால் நாளை எப்படி வைத்துக்கொள்வது? மாலையில் கண்ணயர்ந்தால் இருபது நிமிட அலாரம். பிறகு அரை மணி நேரம் ஷட்டிலோ நடையோ. ஆறிலிருந்து எட்டு வரை ஃபோனை அறையில் விட்டுவிட்டு நூலகம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம், பதினொன்றரைக்குப் படுக்கை. மொத்தமே மூன்றரை மணி நேரம்தான், ஆனால் விழிப்பான மூளையோடு. காலை ஆறரைக்கு எழுந்தால் ஏழு மணி நேரத் தூக்கமும் மெஸ் இட்லியும் கிடைக்கும். தியரியில் 75, பிராக்டிகலில் 80 சதவீத வருகை எப்படியும் கட்டாயம். ஹாலில் உட்காரும் அந்த நேரத்தில் விழித்திருந்தாலே இரவு வேலை பாதி குறையும். அதிகாலை எழுந்து படிக்கும் பழக்கம் வீட்டிலிருந்தே உள்ளவர்கள் அப்படியே தொடரலாம். இரவில் சீக்கிரம் படுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் ஆண்டிலிருந்து வார்டு போஸ்டிங் தொடங்கியதும் ஒரு விசித்திரம் நடக்கும். காலை மூன்று மணி நேரத்தை 'படிப்பு இல்லாத நேரம்' என்று நினைத்துப் பின்வரிசையில் நின்றுவிட்டு வருவார்கள். அது அந்த நாளின் மிகச் சிறந்த படிப்பு நேரம். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது) சுருங்கிய ஒரு அக்காவை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, ஸ்டெதஸ்கோப்பின் பெல் பகுதியை இதய நுனியில் வைத்துக் கேளுங்கள். டயஸ்டோலில், அதாவது இதயம் விரியும்போது, உறுமல் சத்தம். ஏன் டயஸ்டோலில்? அப்போதுதானே அந்த வால்வு திறந்து ரத்தம் இறங்க வேண்டும்! முதலாண்டு வளைகோடு அங்கே உயிரோடு துடிக்கிறது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு நோயாளியிடம் உட்கார்ந்து முழுக் கேஸும் எடுத்து, மாலையில் அந்த நோயைப் படித்தால் போதும். ஃபைனல் இயரில் லாங் கேஸ் என்ற நோயாளித் தேர்வுக்கு நடுங்க வேண்டியிருக்காது.

சி.ஆர்.ஆர்.ஐ. என்ற கட்டாயப் பயிற்சி மருத்துவர் காலம் வந்தபின் நேரம் நம் கையில் இல்லை. அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நீண்ட தொடர் ஷிஃப்ட் பார்த்த இன்டர்ன்கள், ஷிஃப்டைக் குறைத்தவர்களைவிட ஏறக்குறைய 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான மருத்துவத் தவறுகள் செய்தார்கள். இதைத் தனி மனித ஒழுங்கால் மட்டும் சரிசெய்ய முடியாது. டியூட்டி போடுகிறவர்கள்தான் சரிசெய்ய வேண்டும். வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் ரெசிடென்ட்கள் எனப்படும் மேற்படிப்பு மருத்துவர்களுக்கு வேலை கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழுவே 2024-இல் பரிந்துரைத்தது. இளையவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: நைட் டியூட்டி முடிந்து பைக்கில் ஊருக்குக் கிளம்பாதீர்கள். தூங்கி எழுந்து போங்கள், அல்லது பஸ்ஸில் போங்கள்.

அதே பணிக்குழுவின் கணக்கெடுப்பில் பதில் சொன்ன எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை கண்டறியப்பட்டிருப்பதாகக் கூறியிருந்தார்கள். 16.2 சதவீதம் பேருக்குத் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ தற்கொலை எண்ணமோ வந்திருக்கிறது. ஆகவே பெற்றோர்களே, ஃபோனில் "படிச்சியா, மார்க் எவ்வளவு" என்பதற்கு முன்னால் "தூங்கினியா, சாப்பிட்டியா, யார்கூடப் பேசிட்டிருக்கே" என்று கேளுங்கள். ஒரு பேப்பரில் அரியர் விழுந்தால் உலகம் முடிந்துவிடாது. சப்ளிமென்டரி தேர்வு இருக்கிறது, முதலாண்டுக்கே நான்கு வாய்ப்புகள் உண்டு. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அறையை விட்டு வெளியே வருவதில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று பேசுகிறான் என்றால் அது படிப்புப் பழக்கம் சார்ந்த விஷயமே இல்லை. அன்றைக்கே ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் 2022 முதல் 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றங்கள் இருக்கின்றன. கல்லூரிக்குள் யாரிடமும் சொல்லத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.