குடியிருப்பு சிகிச்சையா, தங்கு சிகிச்சையா?

“எம்மகன் குடிக்க மாட்டானே தம்பி, மாத்திரைதான். அவனச் சேத்துக்குவாங்களா?”

ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடத்தில் ஓர் அம்மா என்னிடம் கேட்டது. கையில் நாலாக மடித்த ஒரு துண்டறிக்கை. ‘ஓபியாய்டு பாதிப்புக்குக் குடியிருப்பு சிகிச்சைத் திட்டம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ‘ஓபியாய்டு’ அவருக்கு விளங்கவில்லை. ‘குடி’ விளங்கிவிட்டது. குடிகாரர்களுக்கான இடம் போல என்று நினைத்துவிட்டார்.

முதல் சொல்லைச் சட்டென்று முடித்துவிடலாம். கசகசாக் காயைக் கீறினால் வடியும் பாலைக் கிரேக்கர்கள் ‘ஓபியோன்’ என்றார்கள். அரபியில் அது ‘அஃப்யூன்’ ஆனது, நம்மிடம் அபின் என்று வந்து சேர்ந்தது. மார்ஃபினும் ஹெராயினும் அதன் வாரிசுகள். டிரமடால், டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகள் ஆய்வுக்கூடத்தில் செய்தவை என்றாலும் மூளையில் போய் உட்காரும் இடம் அதேதான். ‘அபின் வகை மருந்து’ என்றால் யாருக்கும் புரியும்.

வம்பெல்லாம் இரண்டாவது சொல்லில். ‘ரெசிடென்ஷியல்’ என்பதற்கு அகராதியில் கண்ணில் பட்ட முதல் பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். குடியிருப்பு என்றால் நமக்கு மீனவர் குடியிருப்பு, காவலர் குடியிருப்பு. ரேஷன் அட்டையும் கறிவேப்பிலைச் செடியுமாக ஆட்கள் வாழும் இடம். முப்பது நாளோ தொண்ணூறு நாளோ வைத்தியத்துக்குப் போனவன் அங்கே குடியேறுவதில்லை. அதுவும் போதை விவகாரத்தில் ‘குடி’ என்று தொடங்கும் சொல்லை வைக்கிறோமே என்று ஒருவருக்குமா உறைக்கவில்லை?

இதைச் சொன்னால் நண்பர் ஒருவர், “அப்ப மறுவாழ்வு மையம்னே போட்டுட்டுப் போறாங்க, ஊரெல்லாம் அந்த போர்டுதானே” என்கிறார். எனக்கு இன்னும் ஆகாத சொல் அது.

இந்தக் கரையில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. இலங்கையிலிருந்து வந்தவர்களின் அகதி முகாம்களுக்கு 2021-இல் அரசு வைத்த பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’. மண்டபத்தில் ஆட்டோக்காரரிடம் மறுவாழ்வு என்று சொன்னால் கேம்ப் வாசலில்தான் இறக்கிவிடுவார். கடலுக்கு அந்தப் பக்கம் ‘புனர்வாழ்வு’ என்பார்கள். 2009-இல் சரணடைந்த போராளிகளை அடைத்துவைத்த இடங்களுக்கும் அதே பெயர்தான். ஒரு சொல் எத்தனை பேரைத்தான் சுமக்கும்?

பொருளும் இடிக்கிறது. மறுவாழ்வுக்கு மூலமான ‘ரீஹாபிலிடேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரில் வாழ்வே கிடையாது. மறுபடி தகுதியாக்குவது, அவ்வளவுதான். தமிழில் ‘மறு’ ஒட்டியதும் மறுபிறப்பு, மறுமை என்று மனசு எங்கேயோ போய்விடுகிறது. உள்ளே போனவன் புது ஆளாக வெளியே வருவான் என்று நம்பி வீட்டில் நகையை அடகு வைக்கிறார்கள். அபின் வகைப் பழக்கத்தில் நடப்பது வேறு. உடம்பு முறுக்கலும் வாந்தியும் சில நாளில் அடங்கும், ஏக்கம் அடங்காது. மருந்தே கொடுக்காமல் வைத்திருந்து அனுப்பினால், பழைய அளவைத் தாங்கும் சக்தி உடம்பில் இருக்காது. வெளியே வந்து அதே அளவை எடுத்தவனுக்கு மூச்சு நின்றுவிடலாம். புப்ரெனார்ஃபின், மெத்தடோன் என்று மாதக்கணக்கில், வருடக்கணக்கில் எடுக்கும் மருந்துகள் இதற்கு இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2005-இலேயே அவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ‘அதுவும் போதைதானே’ என்று ஒதுக்கும் மையங்கள் அமெரிக்காவிலேயே நிறைய.

நல்ல பெயருக்குள் என்னவெல்லாம் ஒளிந்திருக்கும் என்று எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, சங்கிலியில் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகைத் தீயில் செத்துப்போனார்கள். அந்த மாதிரி இடத்துக்கும் ‘காப்பகம்’ என்றுதான் பெயர். சங்கிலி கூடாது என்கிற 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பாதிப்பையும் தனக்குள் சேர்த்துக்கொண்டிருக்கிறது. எத்தனை மையக்காரர்கள் அதைப் படித்தார்களோ.

சரி, வேறு என்னதான் சொல்வது? ‘உள்நோயாளி சிகிச்சை’ ஆஸ்பத்திரிக்குப் பொருந்தும்; எல்லா மையமும் ஆஸ்பத்திரி இல்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா அடுத்ததைக் கேட்டார்: “எத்தனை நாள் தங்கல்?”

நாள்கணக்கில் கரைக்கு வராமல் மீன் பிடிப்பதைத் தங்கு கடல் என்கிறோம். தங்கு சிகிச்சை. போனவன் திரும்பி வருவான், வந்த பிறகும் கரையில் வேலை கிடக்கும் என்பது அதிலேயே இருக்கிறது. அதைவிட்டு எதற்குக் குடியிருப்பு?

துண்டறிக்கையைத் திருப்பிப் பார்த்தேன். எத்தனை நாள் என்று இல்லை. என்ன மருந்து என்று இல்லை. ‘புதியதோர் விடியலை நோக்கி’ என்று ஒரு வரி, கீழே மூன்று போன் நம்பர்.