காதுவலி சிரப்: பாட்டிலுக்குள் இரண்டு மருந்து

வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்து மெடிக்கல்களில் சாதாரணமாகக் கிடைக்கும் அந்த 30 மி.லி. பாட்டிலைத் திறந்தால் உள்ளே பவுடர்தான் இருக்கும். சளி முற்றிக் குழந்தையின் காதில் சீழ் பிடித்தால் டாக்டர்கள் எழுதும் அமாக்ஸிசிலின்-கிளாவுலானிக் அமில ட்ரை சிரப் அது. லேபிளில் 228.5 என்று போட்டிருந்தால், கலக்கிய 5 மி.லி.யில் அமாக்ஸிசிலின் 200 மி.கி., கிளாவுலானிக் அமிலம் 28.5 மி.கி.

கிருமியைக் கொல்வது அமாக்ஸிசிலின். பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொண்டேதான் வளரும். சுவரின் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் என்சைமில் இந்த மருந்து போய் ஒட்டிக்கொள்ளும். பிணைப்பில்லாத சுவர் தாங்காது, கிருமி உப்பி வெடித்துவிடும். வைரஸுக்குச் சுவரே கிடையாது. வெறும் ஜலதோஷத்துக்குக் கொடுத்தால் வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

காது, சைனஸ் தொற்றில் அடிக்கடி அகப்படும் ஹீமோஃபிலஸ், மொராக்ஸெல்லா கிருமிகளில் பல, பீட்டா-லாக்டமேஸ் என்ற என்சைமை விட்டு அமாக்ஸிசிலின் மூலக்கூறில் உள்ள வளையத்தையே அறுத்துவிடும். கிளாவுலானிக் அமிலம் அந்த என்சைமுக்கு இரையாவதுபோல் போய் மாட்டிக்கொண்டு அதன் வாயை அடைத்துவிடும். இதே தொற்றுகளைத் தரும் இன்னொரு கிருமியான நியூமோகாக்கஸின் கதை வேறு: மருந்து ஒட்டும் இடத்தையே அது மாற்றிக்கொள்ளும். அங்கே அமாக்ஸிசிலின் அளவைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

கிளாவுலானிக் அமிலம் ஈரம் பட்டாலே சிதையத் தொடங்கும்; பவுடராக விற்பது அதனால்தான். முதலில் பாட்டிலைத் தட்டிப் பவுடரை உதிர்க்கவும். கூடவே வரும் தண்ணீரில் பாதியை ஊற்றிக் குலுக்கி, பிறகு கோடு வரை ஊற்றவும். தண்ணீர் வராத பாட்டில் என்றால், கேன் தண்ணீரையும் கொதிக்கவைத்து முழுக்க ஆறவிட்டே ஊற்ற வேண்டும். நுரை அடங்கியதும் கோட்டை இன்னொரு தடவை பார்க்கவும். நுரையைத் தண்ணீர் என்று நம்பி நிறுத்தினால் மருந்து கெட்டியாகி, டோஸ் ஏறிவிடும். அடியில் கட்டி நின்றாலோ முதல் நாள் டோஸ் நீர்த்தும் கடைசி டோஸ் கடுத்தும் போகும். ஒவ்வொரு வேளையும் குலுக்கியே கொடுக்கவும், அளவு மூடியில்.

கலக்கியதை 2 முதல் 8 டிகிரியில், ஃப்ரீஸரில் போடாமல், 7 நாள் வைக்கலாம். ஃப்ரிட்ஜ் இல்லாத ஒண்டுக்குடித்தனங்களில் மண்பானை நீரில் வைக்கும் வழக்கம் இதற்குச் சரிவராது: கடற்காற்றின் ஈரத்தில் பானை அவ்வளவு குளிராது. அக்கம்பக்கத்து ஃப்ரிட்ஜில் கேட்டு வைப்பதே மேல். பழுப்பேறியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

சாப்பாட்டின் தொடக்கத்தில் கொடுத்தால் வயிற்றைப் பிரட்டுவது குறையும். பெரியவர்கள் இதே மருந்தின் 625 மாத்திரை கிடைக்காமல் 375 இரண்டைப் போடுவதும் தப்பு. இரண்டு 375-இல் அமாக்ஸிசிலின் அதே 500 மி.கி.தான், ஆனால் கிளாவுலானிக் அமிலம் 125-க்குப் பதில் 250. பேதி பிடுங்குவது அதனால்தான்.