பி.பி. பார்க்கத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தோம்

எங்கள் கிளினிக்கில் எட்டு வருடமாக பி.பி. பார்த்துவந்த நர்ஸுக்கு, பருமனான கைக்குப் பெரிய கஃப், அதாவது கையைச் சுற்றிக் கட்டும் காற்றுப் பட்டை, கட்ட வேண்டும் என்பது தெரியாது. சின்ன கஃபை இழுத்துப் பிடித்துக் கட்டினால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அப்படி வந்த எண்ணை நம்பி ஒருவருக்கு மாத்திரையைக் கூட்டினேன். தலைசுற்றலோடு திரும்பி வந்தார். நானே கஃப் கட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. பெரிய கஃப் அலமாரியில்தான் இருந்தது, உறை பிரிக்காமல். வாங்கி வைத்ததோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

சிறிய கிளினிக்குகளில் பயிற்சி என்பது சேர்ந்த முதல் வாரத்தோடு சரி. மூத்தவர் பக்கத்தில் நின்று பார்த்துப் பழக வேண்டும். வேலையோடு சேர்த்து மூத்தவரின் தவறும் கைமாறிவிடும். முறையாகக் கற்றதுகூட மனதில் நிற்பதில்லை. மூச்சு நின்றவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அமுக்க வேண்டும். வகுப்பில் எல்லோருமே சரியாகச் செய்வார்கள். சில மாதம் கழித்து பயிற்சி பொம்மையைக் கொடுத்துப் பாருங்கள். சான்றிதழ் செல்லுபடியாகும், கை மறந்திருக்கும்.

அதனால் புதன்கிழமைதோறும் கதவைத் திறக்குமுன் பதினைந்து நிமிடம் ஒதுக்கினோம். ஒரு நாளைக்கு ஒரே விஷயம், கையால் செய்து பார்ப்பது. ஸ்லைடு கிடையாது, ஸ்லைடு போட்டால் நானே தூங்கிவிடுவேன். தடுப்பூசி ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது ஒரு வாரம். சில தடுப்பூசிகள் உறைந்தாலும் கெட்டுவிடும் என்பது அன்று பலருக்குப் புதிது.

முதலில் ரிசப்ஷனை விட்டுவிட்டேன். பெரிய பிழை. நோயாளியை முதலில் பார்ப்பவர் அங்கே உட்கார்ந்திருப்பவர்தானே? நெஞ்சில் பாரம், கூடவே வியர்வை என்றால் டோக்கன் கிடையாது, நேராக உள்ளே. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ எப்போது தொடங்கியது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு உடனே ஆம்புலன்ஸ். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. அதில் அரை மணியை வரிசையில் உட்காரவைத்துத் தொலைக்கலாமா?

ஆனால் இவ்வளவும் ஓர் இடத்தில் முட்டி நின்றது. துப்புரவு செய்யும் அக்காவுக்குக் குப்பைப் பையில் கிடந்த ஊசி குத்திவிட்டது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால், "திட்டுவீங்கன்னு பயந்தேன் டாக்டர்" என்றார். ஊசி குத்தினால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நல்லவேளை, கெடுவுக்குள் சொன்னார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் பயம் வீணான பயமில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு சீட்டு மாறியதற்கு எல்லோர் முன்னிலையிலும் ஒரு பெண்ணிடம் கத்தியிருந்தேன். அதன்பின் யார் தன் தவறைச் சொல்ல வருவார்?

இப்போது புதன்கிழமையை என் பிழையோடு தொடங்குகிறேன். முதல் வாரம் அந்த கஃப் கதை. இரண்டு மூன்று வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ரிசப்ஷன் பெண், ஒரே பெயருள்ள இருவரின் ரிப்போர்ட்டை மாற்றிக் கொடுக்க இருந்ததைச் சொன்னார். பெயரோடு பிறந்த தேதியையும் கேட்கும் பழக்கம் அன்று வந்தது.

போன வாரம், போட்டு முடித்த ஊசிகளைப் போடும் பெட்டி பற்றி அந்த அக்காவையே பேசச் சொன்னேன். முக்கால் நிறைந்ததும் மூடணும், உள்ளே அமுக்கக்கூடாது, போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டக்கூடாது என்றார். பிறகு என் மேஜைப் பக்கம் கைகாட்டி, "டாக்டர்தான் மூடி மாட்டுறார்" என்றார். சிரித்தார்கள். உண்மைதான், இருபது வருடப் பழக்கம். பெட்டியைக் கையெட்டும் தூரத்துக்கு நகர்த்தி வைத்திருக்கிறேன்.