கோடைப் பாசிப்பயறு: தண்ணீர் கட்டும் நாளும் ரகமும்

பர்மாவின் (மியான்மர்) பெகு வட்டாரத்தில் நெல் அறுத்த வயலின் ஈரம் காயும் முன் உளுந்து தெளிப்பது நம்மவர்களுக்குக் கைவந்த வேலை. மண்ணில் தங்கிய ஈரத்திலேயே அது விளைந்துவிடும். பிப்ரவரியில் விதைக்கும் பாசிப்பயறு அப்படியில்லை. வாய்க்காலையோ டீசல் பம்பையோ நம்பி நிற்கிற பயிர் அது. டீசல் விலைக்குப் பயந்து பலர் தண்ணீரைக் குறைக்கிறார்கள். ஆனால் நான் பார்க்கும் வயல்களில் தண்ணீர் குறைந்து கெட்டதைவிட, வேண்டாத நாளில் கட்டிக் கெட்டதுதான் அதிகம்.

"தம்பி, இலையெல்லாம் மஞ்சளாகுது, வைரஸ்தான். மருந்து சொல்லு" என்றார் ஒரு பெரியவர். செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். அடி இலைகள் ஒரே சீராக வெளுத்திருந்தன, நுனித் தளிர் பச்சையாகவே இருந்தது. வேர் முடிச்சைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரிய வேண்டும். அங்கே கறுத்துக் குழைந்திருந்தது. "தண்ணி எப்பக் கட்டினீங்க ஐயா?" "வாராவாரம் தவறாமக் கட்டுறேனே!" களிமண் வயலில் தேங்கிய தண்ணீர் வேருக்குக் காற்றே விடவில்லை. மஞ்சள் தேமல் நோய் என்றால் இளம் இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து வரும். வெள்ளை ஈ பரப்பும் அந்த நோய் வந்த செடியைக் குணமாக்க மருந்து கிடையாது. தாங்கும் ரகத்தை முதலிலேயே விதைப்பதுதான் வழி.

களிமண்ணில் நல்ல ஈரத்தில் விதைத்திருந்தால் 20, 25 நாள் வரை பயிரைச் சும்மா விடுங்கள். வேர் ஈரம் தேடிக் கீழே இறங்கட்டும். மணல் கலந்த மண்ணுக்கு மட்டும் விதைத்த மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், அதாவது முளைப்புக்கான தண்ணீர், வேண்டும். பிறகு பூ எடுக்கும்போது ஒன்று, காய் பிடித்து மணி பால் கட்டும்போது ஒன்று. இந்த இரண்டையும் எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள்; அந்த வெயிலில் ஈரம் இல்லையென்றால் பூ உதிர்ந்துவிடும். 60, 65 நாள் ரகத்துக்கு 55 நாளுக்குமேல் மடையைத் திறக்கவே கூடாது. ஈரம் கிடைத்தால் பாசிப்பயறு மறுபடி பூக்கும். கீழே முற்றிய காய் வெடித்துச் சிதற, மேலே பிஞ்சு நிற்கும். பறிகூலி இரட்டிப்பாகும்.

ரகத்தை மழையிலிருந்து பின்னோக்கி எண்ணித் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழ்ப் பர்மாவில் மே மாத நடுவிலிருந்தே பருவமழை பிடித்துக்கொள்ளும். பிப்ரவரி நடுவில் விதைத்த 65 நாள் பயிர், ஏப்ரல் நடுவில் வரும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான் முடிந்ததும் களத்துக்கு வந்துவிடும். 80, 90 நாள் ரகம் எவ்வளவு விளையும் என்று சொன்னாலும், கொஞ்சம் தாமதமானால் மழையில் மாட்டி, காய்க்குள்ளேயே முளை விடும். இங்குள்ள யெசின் வேளாண் ஆராய்ச்சி நிலையத்து ரகங்கள் யெசின் என்ற பெயரும் எண்ணுமாக வருகின்றன. எண்ணுக்கு எண் குணம் வேறு. எத்தனை நாள், ஒன்றாக முற்றுமா, தேமலைத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

மழையில் நனைந்த சரக்கை உளுந்துபோல் தள்ளிவிடவும் முடியாது. 2021-இல் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் இங்கிருந்து வாங்க இந்தியா ஒப்பந்தம் போட்டது. பாசிப்பயறு அதில் இல்லை. 2022 பிப்ரவரியில் அதன் இறக்குமதிக்குக் கட்டுப்பாடும் வந்துவிட்டது. சீனா போன்ற நாடுகளுக்கு அனுப்பும் வியாபாரி நிறமும் பருமனும் பார்த்துத்தான் விலை சொல்வார்.

மார்ச் கடைசியில்தான் வயல் காலியாகிறது என்றால் பயறு வேண்டாம். பசுந்தாள் உரப்பயிரான சணப்பை விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். அடுத்து வரும் நெல்லுக்கு உரச்செலவாவது குறையும்.