அறுத்தெடுத்த கட்டி எங்கே போனது?

தோளிலோ மார்பிலோ வருடக்கணக்காக ஒரு தடிப்பு. வலி இருக்காது. பழைய தழும்புதான் தடித்துவிட்டது என்று விட்டுவிடுவார்கள். பாலக்கோடு, அரூர் பக்கமிருந்து தருமபுரிக்கு வரும் இப்படிப்பட்ட கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கொழுப்புக் கட்டியோ, தழும்பு தடித்து வளரும் கீலாய்டோதான். எப்போதாவது ஒன்று டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா புரோட்டுபரன்ஸாக இருக்கும். பெயர் வாயில் நுழையாது, திசுவைப் பரிசோதிக்கும் நாங்களே டி.எஃப்.எஸ்.பி. என்றுதான் சொல்வோம்.

தோலில் வரும் இந்த அரிய புற்றுநோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது குறைவு. ஆனால் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டிக் கொழுப்புக்குள் ஊடுருவிக் கிடக்கும். கட்டியை மட்டும் எடுத்தால் அதே இடத்தில் மறுபடி முளைக்கும். சுற்றிலும் 2 முதல் 3 செ.மீ. வரை சேர்த்து எடுப்பது வழக்கம்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். மறுபடி முளைத்து வருபவர்களிடம் "போன தடவை எடுத்த கட்டியை டெஸ்டுக்கு அனுப்பினார்களா?" என்று கேட்டால், "தூக்கிப் போட்டுட்டாங்க சார்" என்பார்கள். அனுப்பினாலும் சிலசமயம் சலைன் பாட்டிலில் மிதந்து வரும். திசு அழுகிவிட்டால் அப்புறம் என்னத்தைப் பார்ப்பது? கட்டியைப் போலப் பத்து மடங்கு அளவு, திசு அழுகாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின் வேண்டும், அவ்வளவுதான்.

மைக்ராஸ்கோப்பில் இதன் செல்கள் கோரைப்பாய்ப் பின்னலாகத் தெரியும். தீங்கில்லாத டெர்மட்டோஃபைப்ரோமாவும் கிட்டத்தட்ட அப்படியே இருந்து குழப்பும். அதனால் சிடி34 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் போடுகிறோம், டி.எஃப்.எஸ்.பி. பெரும்பாலும் அதை ஏற்கும், மற்றது பொதுவாக ஏற்காது. அதற்கும் பிடிபடாவிட்டால், குரோமோசோம் மாற்றத்தை ஒளிரவைத்துக் காட்டும் ஃபிஷ் சோதனை. 17, 22 ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி, கொலாஜன் ஜீன் ஒன்றோடு பிடிஜிஎஃப்பி என்ற வளர்ச்சி ஜீன் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் 'வளர், வளர்' என்ற கட்டளை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். அந்தக் கட்டளையைத் தடுக்கும் மாத்திரை இமாட்டினிப். அறுவை செய்ய முடியாத டி.எஃப்.எஸ்.பி.க்கு அமெரிக்காவில் 2006-லேயே அனுமதி கிடைத்தது.

ஜீன் டெஸ்ட் என்றதும் "எம் பொண்ணுக்கும் வருமா?" என்று கேட்கிறார்கள். வராது. இந்த மாற்றம் கட்டியின் செல்களில் மட்டும் நேர்ந்தது, பரம்பரையாக வருவதல்ல. கத்தி பட்டால் பரவிவிடும் என்று, சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சிக்குப் பயப்படவும் வேண்டாம்.

ஃபிஷ் சோதனைக்கு வேலூர், பெங்களூரு போன்ற பெரிய மையங்களுக்கு அனுப்ப வேண்டிவரும். நோயாளி போகத் தேவையில்லை, மெழுகில் பதித்த திசு பிளாக் போனால் போதும். சில வருடம் ஆன பிளாக்கிலும் பார்க்கலாம். முன்பே எங்காவது கட்டி எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டையும் பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.