தேடுபவரின் சொல்லும் தொழில் செய்பவரின் சொல்லும்

தையல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒருவர் தம் தொழிலுக்கென ஓர் இணையதளம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முகப்பில் பெரிய எழுத்தில் ‘தரமான சேவை, நம்பகமான அனுபவம்’ என்று எழுதி வைக்கிறார். அதே வேளையில் எங்கோ ஒருவர், பாதி தைத்த துணி இயந்திரத்திலேயே இருக்க, கைபேசியை எடுத்து ‘தையல் மிஷினில் ஊசி அடிக்கடி உடைகிறது’ என்று தேடுகிறார். இவருக்கு அவர் தேவை, அவருக்கு இவர் தேவை. ஆனால் இருவரும் எழுதியவற்றில் பொதுவான சொல் ஒன்றுகூட இல்லை. சிறுதொழில் தளங்கள் பலவற்றுக்கு ஆள் வராமல் போவதற்கு இந்த இடைவெளியே முதன்மையான காரணம் என்பது என் கருத்து. தளம் எவ்வாறு இயங்குகிறது, தேடுபொறி அதை எவ்வாறு படிக்கிறது என்று பார்த்தால் இது தெளிவாகும்.

இணையதளம் என்பது, எந்நேரமும் இணையத்தோடு இணைந்திருக்கும் சர்வர் என்னும் கணினியில் வைக்கப்பட்ட கோப்புகளின் தொகுதி. அந்தக் கணினியில் இடம் வாடகைக்குப் பெறுவதையே ஹோஸ்டிங் என்கிறோம். கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதர்களுக்கோ பெயர்தான் நினைவில் நிற்கும். தொடக்கத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் பராமரிக்கப்பட்டு எல்லோருக்கும் பகிரப்பட்டன. கணினிகள் பெருகி அந்த முறை தாக்குப்பிடிக்காமல் போனபோது, 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டொமைன் பெயர் முறையை வடிவமைத்தார். இன்றும் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியவுடன் அதற்குரிய எண்ணைத் தேடித் தருவது அந்த முறைதான். இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: டொமைன் பெயரைத் தொழில் நடத்துபவர் தம் பெயரிலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும். தளத்தை அமைத்துத் தருபவரின் பெயரில் அது இருந்துவிட்டால், பின்னாளில் சர்வரை மாற்றுவதற்குக்கூட அவரையே எதிர்பார்த்து நிற்க நேரும்.

பக்கம் விரைவாகத் திறக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தாமதம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் பலர் கவனிக்காதது. கைபேசியில் எடுத்த ஒரு படம் 4,000 புள்ளி (பிக்சல்) அகலமும் 3,000 புள்ளி உயரமும் கொண்டது என்றால், அதில் 1.2 கோடிப் புள்ளிகள் உள்ளன. அதைப் பார்க்கப்போகும் கைபேசித் திரையின் அகலம் 1,080 புள்ளிகள் என்றால், திரையில் தெரியப்போவது ஏறத்தாழ 8.75 லட்சம் புள்ளிகள் மட்டுமே. அதாவது, தேவையைவிட ஏறத்தாழப் பதினான்கு மடங்கு அதிகமான புள்ளிகளை அந்தக் கைபேசி தரவிறக்கிக்கொண்டிருக்கிறது. படத்தைச் சுருக்கி ஏற்றினாலே பெரும்பாலான சிறு தளங்களின் வேகக் குறை தீர்ந்துவிடும். பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 வினாடிகளுக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வகுத்துள்ள அளவுகோல். படத்தின் நீள அகலங்களைப் பக்கத்தின் நிரலிலேயே குறித்துவிடுவதும் நல்லது. இல்லையென்றால் படம் தாமதமாக வந்து இறங்கும்போது அதன் கீழிருந்த வரிகள் நகர்ந்து, ஓரிடத்தை அழுத்தப் போன விரல் வேறோரிடத்தை அழுத்திவிடும்.

இனித் தேடுபொறிக்கு வருவோம். நாம் ஒரு சொல்லைத் தட்டிய பிறகு அது உலகத்திலுள்ள பக்கங்களை எல்லாம் போய்ப் புரட்டுவதில்லை. அந்த வேலை முன்னரே முடிந்திருக்கும். கிராலர் எனப்படும் நிரல், ஒரு பக்கத்திலுள்ள சுட்டிகளை, அதாவது லிங்குகளை, பின்பற்றி அடுத்த பக்கத்துக்கும், அங்கிருந்து அதற்கு அடுத்ததற்கும் ஓயாமல் சென்றுகொண்டிருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்தும் சுட்டி இல்லாத ஒரு பக்கம் அதன் கண்ணில் படுவது அரிது. ஆகவே தளத்திலுள்ள பக்கங்களின் முகவரிகளைத் தொகுத்துத் தளவரைபடம் என்னும் ஒரு கோப்பாகத் தருவது வழக்கம். ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை இடம்பெறலாம். ‘இங்கு வர வேண்டாம்’ என்று கிராலரிடம் சொல்வதற்கும் robots.txt என்னும் ஒரு கோப்பு உண்டு. 1994-இல் மார்ட்டின் கோஸ்டர் முன்வைத்த வழக்கம் அது. தளத்தை உருவாக்கும் காலத்தில் தடைக் கட்டளைக்கு எதிரே ஒரே ஒரு சாய்கோடு இட்டுத் தளம் முழுவதையும் மறைத்து வைப்பார்கள். வேலை முடிந்த பின் அந்த வரியை நீக்க மறந்துவிட்டால், தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கிராலர் வாசலோடு திரும்பிவிடும். ஆள் வரவில்லை என்று வருந்துபவர் முதலில் திறந்து பார்க்க வேண்டியது இந்தக் கோப்பைத்தான்.

கிராலர் கொண்டுவந்த பக்கங்களைத் தேடுபொறி சொற்களாகப் பிரித்து, புத்தகத்தின் இறுதியில் இருக்கும் சொல்லடைவைப் போன்ற ஒன்றை உருவாக்குகிறது. ‘ஊசி’ என்ற சொல் எந்தெந்தப் பக்கங்களில் இருக்கிறது, ‘பாபின்’ (அடிநூல் சுற்றும் சிறு உருளை) எந்தெந்தப் பக்கங்களில் இருக்கிறது என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பட்டியல் இருக்கும். யாரேனும் ‘பாபின் நூல் சிக்கல்’ என்று தேடினால், அந்த மூன்று பட்டியல்களும் எங்கே சந்திக்கின்றன என்று பார்ப்பதே தொடக்க வேலை.

ஆனால் எல்லாச் சொற்களுக்கும் ஒரே எடை கிடையாது. பரவலாகக் காணப்படும் சொல் ஒரு பக்கத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக்காட்டாது என்பதையும், அரிய சொல்லே அதைச் செய்யும் என்பதையும் கணக்காக்கி 1972-இல் எழுதியவர் காரென் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் பிரிட்டிஷ் கணினி அறிஞர். மொத்தப் பக்கங்களின் எண்ணிக்கையை, அந்தச் சொல் உள்ள பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்து, வரும் ஈவுக்கு மடக்கை (லாகரிதம்) காண வேண்டும். பத்து லட்சம் பக்கங்கள் கொண்ட ஒரு தொகுப்பில் ‘சேவை’ என்ற சொல் ஐந்து லட்சம் பக்கங்களில் இருக்கிறது என்று கொண்டால் ஈவு 2. பத்தடிமான மடக்கையில் அதன் எடை ஏறத்தாழ 0.3. ‘பாபின்’ நூறு பக்கங்களில் மட்டும் இருந்தால் ஈவு 10,000, எடை 4. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு ‘தரமான சேவை’ என்ற முகப்பு வரியின் மதிப்பு என்னவென்று விளங்கும். எல்லோரும் எழுதும் சொல் என்பதாலேயே அது யாரையும் அடையாளம் காட்டுவதில்லை. ஊசி உடைவது, நூல் சிக்குவது, பெடலை அழுத்தினாலும் ஓடாதது என ஒவ்வொரு குறைக்கும் ஒரு தனிப் பக்கம் எழுதி, அதன் காரணத்தையும் தீர்வையும் விளக்கினால், தேடுபவரின் சொல் தானாகவே அங்கு வந்து அமர்ந்துவிடும்.

இன்றைய தேடுபொறிகள் சொல்லை மட்டும் ஒப்பிடுவதில்லை என்பது உண்மையே. ‘ஊசியை’, ‘ஊசிகள்’ என்ற வடிவங்களை ‘ஊசி’யோடு சேர்த்துப் பார்க்கவும், ‘மிஷின்’ என்பதும் ‘இயந்திரம்’ என்பதும் ஒன்றே என்று உணரவும் அவை முயல்கின்றன. வாக்கியத்தின் பொருளை உணரும் மொழி மாதிரிகளைக் கூகுள் 2019 முதல் தன் தேடலில் பயன்படுத்தி வருகிறது. ஆயினும் பக்கத்தில் எழுதப்படாத ஒன்றை எந்த மாதிரியாலும் உணர முடியாது. செய்யும் வேலைகளின் பட்டியலையும் வேலை நேரத்தையும் ஒரே படமாக வடிவமைத்து ஏற்றுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் வழக்கம். பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பானால் அதைச் சரிவர வாசிக்க இயலாது, சொல்லடைவிலும் அந்தச் சொற்கள் சேரும் என்று நம்ப முடியாது.

ஒரே பொருளைப் பற்றி ஆயிரம் பக்கங்கள் இருக்கும்போது எதை முதலில் காட்டுவது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்கே பிரினும் 1998-இல் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை இதற்கு ஒரு விடை சொன்னது. ஒருவர் கண்ணில் படும் சுட்டிகளை எல்லாம் இலக்கின்றி அழுத்திக்கொண்டே போகிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 85 முறை அவர் சுட்டியைப் பின்பற்றுகிறார். எஞ்சிய 15 முறை சலித்துப்போய் வேறு ஏதோ ஒரு பக்கத்துக்குத் தாவுகிறார். நெடுநேரம் கழித்து அவர் எந்தப் பக்கத்தில் இருப்பதற்கு வாய்ப்பு அதிகமோ, அந்தப் பக்கத்துக்கு மதிப்பும் அதிகம். பலர் சுட்டும் பக்கத்திலிருந்து வரும் ஒரு சுட்டி, யாரும் சுட்டாத நூறு பக்கங்களிலிருந்து வருவனவற்றைவிட மேலானதாக இருப்பது இதனால்தான். சுட்டிகளை விலைக்கு வாங்கிக் குவிக்கும் தந்திரத்தைக் குறிவைத்துக் கூகுள் 2012-இல் பென்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. உதிரிபாகம் விற்பவரும் தையல் பயிற்சி தருபவரும் ‘இந்த விளக்கம் உதவியது’ என்று தாமாகவே சுட்டும்படி ஒரு பக்கத்தை எழுதுவது மெதுவான வழிதான், ஆனால் வாங்கிய சுட்டியைப் போல அது ஒருநாள் திடீரெனச் செல்லாக்காசாகிவிடாது.

தளம் தேடல் முடிவுகளில் தோன்றத் தொடங்கியதும், எந்தச் சொற்களுக்காக எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்ற கணக்கைக் கூகுள் சர்ச் கன்சோல் கட்டணமின்றித் தருகிறது. ‘பாபின் நூல் சிக்குகிறது’ என்ற தேடலுக்குப் பலமுறை காட்டப்பட்டும் ஒருவரும் வரவில்லை என்று அதில் தெரிந்தால், அந்தப் பக்கத்தின் தலைப்பைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது ‘எங்கள் சேவைகள்’ என்றே இருக்கும். அதை ‘பாபினில் நூல் சிக்குவது ஏன், சரிசெய்வது எப்படி’ என்று மாற்றிவிட்டு, கிராலர் மறுபடி வந்து படித்துச் செல்லும் வரை சில நாட்களோ சில வாரங்களோ காத்திருந்து, அதே கணக்கை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும்.