பெரிய டயர் மாட்டும் முன்: ரிம் அளவு, ஆர்.டி.ஓ. விதி, இன்சூரன்ஸ் சிக்கல்

கூடலூர் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்வர என் சித்தப்பா மகன் ஒரு மாருதி ஜிம்னி ஜீப் வாங்கினான். கம்பெனி டயர் 195/80 ஆர்15. அதாவது அகலம் 195 மி.மீ., பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் 80 விழுக்காடு, ரிம் விட்டம் 15 இஞ்ச். மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதையில் அடி தட்டுகிறது என்று ஆறே மாதத்தில் 235/75 ஆர்15 மாட்டிவிட்டான். "அதே பதினஞ்சு இஞ்ச் ரிம்தானே அண்ணே, ஆர்.டி.ஓ. கேக்கவே மாட்டாங்க" என்று கடைக்காரர் சொன்னதை நம்பினான்.

அடுத்த மழையில் ஒரு வளைவில் வண்டி சறுக்கித் தடுப்புச் சுவரில் மோதியது. சேதத்தைப் பார்க்க வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் நசுங்கிய பம்பர் பக்கமே முதலில் போகவில்லை. குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் டயரின் பக்கவாட்டில் இருந்த எண்ணைப் படித்துக் குறித்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து வந்த கடிதத்தில் "அனுமதியற்ற மாற்றம்" என்ற இரண்டு சொல்லைக் காட்டி கிளெய்மை மறுத்திருந்தார்கள். பிரீமியம் ஒரு நாள் தவறாமல் கட்டியவன் அவன். இவனைப் போல இன்னும் சிலரைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் சொல்வது கொஞ்சம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றில் (ஆர்.சி.) உள்ள விவரங்களுக்கும் முரண் வரும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரி 9 அன்று கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. மீறினால் பிரிவு 182ஏ(4)-இன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதைக் கவனியுங்கள். டயர், வெளியே துருத்தும் ரிம், உயர்த்திய சஸ்பென்ஷன், முன்பக்க இரும்புக் கம்பி என்று தனித்தனியாக எண்ணலாம்.

ஆர்.சி.யில் இல்லையே என்ற நம்பிக்கை

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. சொந்த வண்டியின் ஆர்.சி. அட்டையில் டயர் அளவுக்கென்று ஒரு வரி பொதுவாக இருக்காது. அட்டையில் இல்லாததை மாற்றினால் யார் கேட்பார்கள் என்று நினைக்கிறோம். ஆனால் சோதனை அதிகாரியும் சர்வேயரும் பார்ப்பது அட்டையை மட்டும் அல்ல. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் டயர் அளவுச் சீட்டையும், வண்டியோடு வந்த கையேட்டையும் பார்ப்பார்கள். அவற்றில் உள்ள அளவுதான் உங்கள் வண்டியின் அளவு. டயர் கடைக்குப் போகும் முன் அந்த இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுத்தது, "மூணு பர்சென்ட் வரைக்கும் பெருசா போடலாம்" என்ற பேச்சு. ஸ்பீடோமீட்டர் ரொம்பத் தப்பாகக் காட்டாமல் இருக்கக் கடைகளில் வைத்திருக்கும் கணக்கு அது. அதைச் சட்டமாக எண்ணி அதிகாரியிடம் வாதாடாதீர்கள்.

கணக்கையும் பார்த்துவிடலாம். 195/80 ஆர்15 டயரின் மொத்த உயரம் 693 மி.மீ. 235/75 ஆர்15 என்றால் 733.5 மி.மீ. சுமார் 6 விழுக்காடு கூடுதல். மீட்டர் 80 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 85-இல் ஓடும். இவ்வளவு செய்தும் தரையிலிருந்து கிடைக்கும் கூடுதல் உயரம் அந்த வித்தியாசத்தில் பாதிதான், 20 மி.மீ. ரிம் சங்கதி இன்னும் மோசம். ஜிம்னியின் கம்பெனி ரிம் 5.5 இஞ்ச் அகலம். 235/75 ஆர்15 டயருக்குக் குறைந்தது 6 இஞ்ச் வேண்டும். விட்டம் அதே 15 என்று சொன்ன கடைக்காரர் அகலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒடுங்கிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் அதன் பக்கவாட்டு வெளிநோக்கிப் பிதுங்கும், வளைவில் டயர் ஆட்டம் கொடுக்கும். அதைச் சரிசெய்ய அகல ரிம் வாங்கினால் சக்கரம் மட்கார்டுக்கு வெளியே வரும், இரண்டாவது மாற்றமும் சேர்ந்துவிடும்.

215/75 ஆர்15 என்றால் 5.5 இஞ்ச் ரிம்மில் ஒழுங்காக உட்காரும். உயரம் 703.5 மி.மீ., ஏறக்குறைய 1.5 விழுக்காடு கூடுதல். ஆனால் ரிம்மில் பொருந்துவது வேறு, அனுமதி இருப்பது வேறு. கையேட்டில் இல்லாத அளவு என்றால் அதற்கும் கேள்வி வரும்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: அளவை மாற்றாதீர்கள், டயரின் வகையை மாற்றுங்கள். அதே 195/80 ஆர்15-இல் கரடுமுரடான பட்டைகள் உள்ள ஆல் டெரெய்ன் டயரைப் போடுங்கள். சேற்றில் வழுக்குவதுதான் பலருக்கும் உண்மையான பிரச்சினை, அதற்கு உயரம் மருந்தில்லை. டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். அளவுக்கு அடுத்து அச்சிட்டிருக்கும் சுமைக் குறியீட்டு எண் (டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் குறிப்பது) கம்பெனி டயரின் எண்ணைவிடக் குறையவே கூடாது.

பெரிதாகப் போட்டே ஆக வேண்டும் என்றால், அதே மாடலின் வேறு வகையில் கம்பெனியே கொடுக்கும் அளவுக்குள் நில்லுங்கள். 2020-இல் வந்த மஹிந்திரா தார் ஜீப்பில் 245/75 ஆர்16, 255/65 ஆர்18 என்று இரண்டு அளவு உண்டு. கல்லும் குழியுமான பாதைக்கு 16 இஞ்ச் ரிம்தான் நல்லது. அதன் டயர்ப் பக்கவாட்டு சுமார் 184 மி.மீ., மற்றதில் 166 மி.மீ. கல் இடித்தால் அடியை ரப்பர் வாங்கிக்கொள்ளும், ரிம் தப்பிக்கும். 18-இலிருந்து 16-க்கு இறங்குபவர்கள் பிரேக் காலிப்பர் (சக்கரத்துக்குள் பிரேக்கை அழுத்தும் பாகம்) தட்டாமல் ரிம் சுற்றுகிறதா என்று ஒரு சக்கரத்தை மாட்டிப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள். அலங்காரத்துக்காக 20 இஞ்ச் ரிம் போட்டுக்கொண்டு காட்டுப் பாதைக்குப் போகாதீர்கள்.

அலுவலகத்தில் நடப்பது

கையேட்டில் இல்லாத அளவுக்கு முன் அனுமதி கேட்கலாம் என்று தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். முதல் மேசையில், "டயருக்கெல்லாம் இங்க ஒண்ணும் இல்ல சார், ஆன்லைன்ல போடுங்க." அரசின் பரிவாகன் இணையதளத்தில் வாகன மாற்றத்துக்கான பக்கம் இருக்கிறது, டயருக்கு என்று நாங்கள் தேடிய வரி அதில் கிடைக்கவில்லை. திரும்பப் போனால், "கம்பெனி லெட்டர் வாங்கிட்டு வாங்க." டீலரிடம் போனால், "தலைமை அலுவலகத்துக்கு மெயில் போடுங்க." அங்கிருந்து வந்த பதில், "உங்கள் டீலரை அணுகவும்." நாலு நாள் கூலியும் பெட்ரோலும் போனதுதான் மிச்சம். முடியாது என்றால் முடியாது என்று முதல் நாளே எழுதிக் கொடுத்திருக்கலாம். ஒருவரும் எழுதித் தரவில்லை.

வாயால் கேட்டு அலையாதீர்கள். வண்டி எண், இப்போதைய அளவு, போட விரும்பும் அளவு, ரிம் அகலம் நான்கையும் ஒரே தாளில் எழுதி, தபால் பிரிவில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. "நான் இந்த டயர் போடலாமா?" என்று கேட்டால் அது கருத்து கேட்பது, தகவல் அல்ல என்று மனுவைத் தள்ளிவிடுவார்கள். "டயர், ரிம் அளவு மாற்றம் குறித்து இந்த அலுவலகத்தில் உள்ள சுற்றறிக்கைகளின் நகல் வேண்டும்" என்று ஆவணமாகக் கேளுங்கள். அனுமதியோடு மாற்றம் செய்தால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கடனில் இருக்கும் வண்டி என்றால் வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலையும் முன்பே வாங்கிவிடுங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாட்டும் முன்பே மெயில் அனுப்புங்கள். ஏஜென்ட் போனில் "பரவாயில்ல சார், போடுங்க" என்று சொன்னதற்குச் சாட்சி கிடையாது. கடை பில்லில் "டயர் 4" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். முழு அளவு, சுமைக் குறியீடு, ரிம் அகலம் எல்லாம் அச்சில் வர வேண்டும்.

பழைய கம்பெனி ரிம்மையும் டயரையும் விற்றுவிடாதீர்கள். 15 ஆண்டு முடிந்து படிவம் 25 கொடுத்துப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது வண்டியை நேரில் பார்ப்பார்கள். பழைய ஜீப் வைத்திருக்கும் பலர், அகல ரிம்மோடு போய்த் திருப்பி அனுப்பப்பட்டு, கடைசி நேரத்தில் 6.00-16 டயர் தேடி அலைகிறார்கள்.

கிளெய்ம் மறுக்கப்பட்டுவிட்டால்

ஒரு கடிதம் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். நிறுத்தி வைத்த வண்டியில் வேறொருவர் வந்து இடித்தாலோ வண்டி திருடு போனாலோ, அதற்கும் டயர் அளவுக்கும் என்ன சம்பந்தம் என்று எழுத்தில் கேளுங்கள். சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டிய வழக்குகளில், நிபந்தனை மீறல் இருந்தும் மொத்தமாக மறுக்காமல் 75 விழுக்காடு வரை தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2008-லும் 2010-லும் சொல்லியிருக்கிறது. உங்கள் வாதத்துக்கு அதை மேற்கோள் காட்டலாம். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை என்றாலோ, பதில் ஏற்கும்படி இல்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை எடுப்பார்கள். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். என் தம்பி கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டான், என்னிடம் காட்டியபோது பதினான்கு மாதம் ஆகியிருந்தது.